அரண்மனைப் பெண்ணா, அலுவலகப் பெண்ணா? கொரிய நாடகக் காதலை எடைபோடும் கேமரன் மலை

ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை உள்ள தேயிலைத் தோட்டங்களில் மாலையிலேயே குளிர் இறங்கிவிடும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்காருவது இங்குள்ள வீடுகளில் வழக்கம். ஒரு காலத்தில் தமிழ்ப் படமும் சீரியலும் மட்டுமே ஓடிய அந்தத் திரையில் இப்போது கொரிய நாடகமும் ஓடுகிறது. சிலர் மலாய் வசன வரிகளோடு பார்க்கிறார்கள். நெட்பிளிக்ஸ் சில தொடர்களுக்குத் தமிழ்க் குரல் சேர்த்த பிறகு, வசன வரி படிக்கச் சிரமப்பட்ட பாட்டிமார்களும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மகளுக்குப் பிடித்தது சியோல் நகரத்து அலுவலகக் காதல். அம்மாவுக்கும் பாட்டிக்கும் பிடித்தது அரண்மனைக் கதை. இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: “அந்தக் காலத்துப் பொண்ணுங்க பாவம், அடங்கியே கிடந்தாங்க. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குச் சுதந்திரம் இருக்கு.”

கேட்கச் சரியாகத் தோன்றும். ஆனால் நாடகங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. பல சரித்திர நாடகங்களின் நாயகிகள் நவீன நாடகங்களின் நாயகிகளைவிடத் துணிச்சலானவர்கள். அவர்களுக்கு வேலை உண்டு, கல்வி உண்டு, மறுக்கும் தைரியமும் உண்டு. நவீன நாயகிகளில் பலரோ பணக்காரப் பையன் வந்து கைதூக்கிவிடக் காத்திருந்தவர்கள். இது எப்படி நேர்ந்தது என்று பார்ப்பது கதை ரசனைக்கு மட்டுமல்ல, எது காதல், எது இல்லை என்று நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் தெரிந்துகொள்ளவும் உதவும்.

‘மாமா’வும் ‘ஓப்பா’வும்

முதலில் காதில் விழும் சொற்கள். கொரிய மொழியில் அப்பாவை ‘அப்பா’ என்றே அழைப்பது தமிழர்களுக்குத் தெரிந்த செய்தி. அம்மாவை ‘ஓம்மா’ என்கிறார்கள். இரு மொழிகளும் ஒரே குடும்பம் என்று மொழியியலார் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனாலும் அந்த ஒற்றுமை ஒரு நெருக்கத்தைத் தருகிறது.

குழப்பம் வருவது வேறு இரண்டு சொற்களில். அரண்மனை நாடகத்தில் அரசியைப் பார்த்துப் பணிப்பெண்கள் ‘மாமா’ என்று குனிவார்கள். அது தாய்மாமன் அல்ல, அரச குடும்பத்தாருக்கான மரியாதைச் சொல். நவீன நாடகத்தில் காதலனைப் பார்த்து நாயகி ‘ஓப்பா’ என்பாள். அதன் நேர்ப்பொருள், ஒரு பெண் தன் அண்ணனை அழைக்கும் சொல். தமிழில் ஒரு பெண் ஒருவனை ‘அண்ணா’ என்று அழைத்துவிட்டால் காதலுக்கு அங்கேயே கதவு சாத்தப்பட்டுவிடும். கொரியாவிலோ நெருக்கம் தொடங்குவதே அந்தச் சொல்லில்தான். நம் பெண்கள் ‘மாமா’, ‘அத்தான்’ என்று உறவுச் சொல்லிலேயே காதலைச் சொன்னதைப் போன்றதுதான் அதுவும்.

திருமண முறையிலும் நேர்மாறான நிலை உண்டு. தமிழர்களுக்கு மாமன் மகள் முறைப்பெண். கொரியாவில் ஒரே குடும்பப் பெயரும் ஒரே பூர்வீக ஊரும் கொண்ட இருவர், எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும், திருமணம் செய்யச் சட்டமே தடை விதித்திருந்தது. 1997-இல்தான் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்க மறுத்தது. ஆகவே ‘இது நடக்கக்கூடாத காதல்’ என்று ஒரு கொரியக் கதை சொல்லும்போது, அதன் பின்னால் உண்மையான சட்டமும் வழக்கமும் இருப்பதுண்டு.

சட்டமே வில்லனாக இருந்த காலம்

சரித்திர நாடகங்களில் பெரும்பாலானவை ஜோசோன் அரச வம்சத்துக் கதைகள். 1392-இல் தொடங்கி ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்த ஆட்சி அது. மேலே பிரபுக்கள், கீழே அடிமைகள் என்று பிறப்பால் வகுக்கப்பட்ட சமூகம். மறுமணம் செய்துகொண்ட விதவையின் பிள்ளைகள் அரசுத் தேர்வு எழுத முடியாது என்று 15-ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பு சொன்னது. அடிமை முறையையும் சாதி அடுக்கையும் ஒழித்து, விதவை மறுமணத்தை அனுமதித்த சீர்திருத்தம் 1894-இல்தான் வந்தது.

அரண்மனைப் பணிப்பெண்ணின் நிலை இன்னும் கடினம். சிறுமியாக உள்ளே போவாள். பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின் அவளுக்கு ஒரு சடங்கு நடக்கும். அது கல்யாணம் போலவே இருக்கும், மாப்பிள்ளை மட்டும் இருக்க மாட்டான். அன்றிலிருந்து அவள் அரசனுக்கு உரியவள். வேறு ஆணை விரும்பினால் அது குற்றம்.

ஆக, சரித்திர நாடகத்தில் காதலுக்கு எதிரி மாமியாரோ போட்டிக்காரியோ மட்டுமல்ல, நாட்டின் சட்டமே எதிரி. அதனால்தான் அங்கே ஒரு பார்வைக்கும் ஒரு கடிதத்துக்கும் அவ்வளவு கனம். கையைத் தொடவே பத்து வாரம் ஆகிறதே என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்ளலாம். அந்தத் தொடுதலுக்கு உயிரே விலையாகலாம் என்பதால்தான் அந்தத் தாமதம்.

சமையல்கட்டிலிருந்து மருத்துவம் வரை: ஜாங் கும்

மலேசியாவில் ‘ஜுவல் இன் த பேலஸ்’ என்று அறியப்பட்ட ‘தே ஜாங் கும்’ 2003 முதல் 2004 வரை கொரியாவில் 54 பகுதிகளாக ஒளிபரப்பானது. லீ யங்-ஏ நடித்த ஜாங் கும், அரண்மனைச் சமையலறைப் பணிப்பெண்ணாகத் தொடங்குகிறாள். சதியால் ஜேஜு தீவுக்கு அரசு அடிமையாக அனுப்பப்படுகிறாள். அங்கே மருத்துவம் கற்று அரண்மனைக்குத் திரும்பி, அரசனுக்கே வைத்தியம் பார்க்கிறாள்.

இது முழுக் கற்பனை அல்ல. 16-ஆம் நூற்றாண்டில் ஜுங்ஜோங் அரசனுக்கு வைத்தியம் பார்த்த ஜாங் கும் என்ற மருத்துவப் பெண்ணைப் பற்றி ஜோசோன் அரச குறிப்பேட்டில் சில வரிகள் உள்ளன. அந்தச் சில வரிகளே 54 பகுதிகளாக வளர்ந்தன. மருத்துவப் பெண்கள் என்ற ஏற்பாடு 1406-இல் தொடங்கியது. ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்ட உயர்குடிப் பெண்கள் மறுத்ததால், அரசு அடிமைச் சிறுமிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். படிப்பு கிடைத்தது, அந்தஸ்து கிடைக்கவில்லை.

இந்த நாடகத்தின் காதலைப் பாருங்கள். மின் ஜோங்-ஹோ என்ற அதிகாரி அவளை விரும்புகிறான். அரசனும் விரும்புகிறான். அரசனின் துணைவியானால் அவளுக்கு வசதி உண்டு, ஆனால் மருத்துவம் போய்விடும். ஜோங்-ஹோ அவளைத் தனக்குத் தரும்படி கேட்கவில்லை. அவளை மருத்துவராகவே இருக்கவிடுங்கள் என்று அரசனிடம் வேண்டுகிறான். அதற்காகப் பதவியை இழந்து தொலைதூரத்துக்கு அனுப்பப்படுவதை ஏற்றுக்கொள்கிறான். கதையில் அவன் காட்டும் காதலின் உச்சம், அவளுடைய வேலையைக் காப்பாற்றியதுதான்.

அரசனுக்கே ‘முடியாது’

2021-இல் வந்த ‘தி ரெட் ஸ்லீவ்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் நாயகி தோக்-இம், கதைப் புத்தகங்களைப் படியெடுப்பதிலும் வாசித்துக் காட்டுவதிலும் கெட்டிக்காரியான பணிப்பெண். பட்டத்து இளவரசன் யீ சான், பின்னாளில் ஜோங்ஜோ அரசன், அவளை விரும்புகிறான். அவளோ தயங்குகிறாள். காரணம் அன்பில்லாமை அல்ல. அரசனின் துணைவியானால் தோழிகளும் வேலையும் தன் நேரமும் போய், ஓர் அறைக்குள் அவன் வரவுக்குக் காத்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

இந்த மறுப்பும் வரலாற்றில் உள்ளது. 1776 முதல் 1800 வரை ஆண்ட ஜோங்ஜோ, தன் துணைவி உயிபின் சோங் 1786-இல் இறந்தபின் அவருக்குத் தானே கல்லறைக் குறிப்பு எழுதினார். அந்தப் பெண் தன்னை இருமுறை மறுத்ததை அரசரே அதில் பதிவு செய்திருக்கிறார். நாடகத்தின் இறுதியில் சாகக் கிடக்கும் தோக்-இம், மறுபிறவியில் என்னைக் கண்டால் தெரியாதவர்போல் கடந்து போய்விடுங்கள் என்று கேட்கிறாள். அரசனின் காதல் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அதற்காக அவள் இழந்தது குறையவில்லை என்பதை அந்த ஒரு வேண்டுகோள் சொல்லிவிடுகிறது.

2018-இன் ‘மிஸ்டர் சன்ஷைன்’ கொரியா ஜப்பானிடம் சிக்கிக்கொண்டிருந்த காலத்துக் கதை. நாயகி கோ ஏ-ஷின் பிரபு வீட்டுப் பேத்தி. இரவில் துப்பாக்கி ஏந்தும் விடுதலைப் போராளி. அவளை விரும்பும் யூஜின் அடிமையாகப் பிறந்து, அமெரிக்காவுக்குத் தப்பியோடி, அந்நாட்டுப் படை அதிகாரியாகத் திரும்பியவன். முடிவில் அவன் உயிரைக் கொடுக்கிறான். அவள் உயிரோடிருந்து போராட்டத்தைத் தொடர்கிறாள். நாயகனுக்காக நாயகி சாகும் பழைய வழக்கம் இங்கே தலைகீழாகிவிட்டது.

ஒன்றை மறக்கக்கூடாது. அன்றைய கொரியப் பெண்கள் எல்லாரும் இப்படி இருக்கவில்லை. இந்த நாடகங்கள் இன்று எழுதப்பட்டவை. ‘தே ஜாங் கும்’ எழுதிய கிம் யோங்-ஹ்யோனும் ‘மிஸ்டர் சன்ஷைன்’ எழுதிய கிம் உன்-சூக்கும் பெண்கள். இன்றைய பெண்ணின் ஆசைக்கு அன்றைய உடையை அவர்கள் உடுத்திப் பார்க்கிறார்கள்.

பணக்காரப் பையனும் ஏழைப் பெண்ணும்

இப்போது நவீன நாடகத்துக்கு வருவோம். 2009-இல் வந்த ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ ஒரு தலைமுறைப் பிள்ளைகளைக் கொரிய நாடகத்துக்கு அழைத்து வந்த தொடர். சலவைக் கடைக்காரர் மகள் குயும் ஜான்-தி, பணக்காரர்கள் படிக்கும் பள்ளிக்குப் போகிறாள். அங்கே பெரும் நிறுவனத்தின் வாரிசான கூ ஜுன்-பியோ முதலில் அவளைக் கொடுமைப்படுத்துகிறான், பிறகு காதலிக்கிறான். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் செல்வது அந்தக் காலத்து நாடகங்களில் காதலின் அடையாளமாகவே காட்டப்பட்டது.

இங்கே சட்டம் யாரையும் தடுக்கவில்லை. தடுப்பது பணம். பையனின் அம்மா காசைக் காட்டி, என் மகனை விட்டுவிடு என்கிறாள். ஜான்-தி வாயாடி, தைரியசாலி. ஆனாலும் கதை நகர்வது அவள் என்ன செய்கிறாள் என்பதால் அல்ல, அவன் அவளை எப்படிக் காப்பாற்றுகிறான் என்பதால். அடிமையாக அனுப்பப்பட்ட ஜாங் கும்முக்கு இருந்த பிடி, பள்ளிக்கூடம் போகும் ஜான்-திக்கு இல்லை.

நவீன நாடகங்கள் எல்லாமே அப்படி என்று சொல்லிவிட முடியாது. 2005-இல் வந்த ‘மை லவ்லி சாம்-சூன்’ நாயகி முப்பதை நெருங்கும் கேக் கைவினைஞர். குண்டு, கோபக்காரி, பெயரும் பழங்காலத்துப் பெயர். கதை முடியும்போது கல்யாணத்துக்கு வருங்கால மாமியாரின் சம்மதம் கிடைத்தபாடில்லை. ஆனால் அவள் கையில் சொந்தக் கடை இருக்கிறது. அதன் இறுதிப் பகுதியைக் கொரியாவில் பாதிக்கு மேற்பட்ட தொலைக்காட்சி ரசிகர்கள் பார்த்தார்கள்.

அதே 2005-இல் இன்னொன்றும் நடந்தது. அதுவரை கொரியக் குடும்பப் பதிவேட்டில் குடும்பத் தலைவர் பெரும்பாலும் ஆணாகவே இருப்பார். கணவன் இறந்தால் அந்த இடம் மனைவிக்குப் போகாது, மகனுக்குப் போகும், அவன் கைக்குழந்தையாக இருந்தாலும் சரி. இந்த முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று 2005 பிப்ரவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008 ஜனவரி 1 முதல் அது நீங்கியது. சாம்-சூனைப் பார்த்துச் சிரித்த பெண்கள், சட்டப்படி இன்னமும் ஓர் ஆணின் பெயருக்குக் கீழே எழுதப்பட்டவர்களாகத்தான் இருந்தார்கள்.

பத்தாண்டுகளுக்குப் பின் நாயகி மாறிவிட்டாள். 2019 டிசம்பரில் தொடங்கிய ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ தொடரில் நிறுவனம் நடத்துபவள் யூன் சே-ரி. வட கொரிய இராணுவ அதிகாரியான நாயகன் அவளுக்கு நூடல்ஸ் சமைத்துத் தருகிறான், காப்பிக் கொட்டை வறுத்துத் தருகிறான். கடைசியில் இருவரும் ஆண்டுக்குச் சில நாள் சுவிட்சர்லாந்தில் சந்திக்கிறார்கள். அவள் தொழிலை விடவில்லை.

திரையில் மாறியது வாழ்க்கையில் முழுதாக மாறிவிடவில்லை. வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடியில் ஆண் பெண் ஊதிய வேறுபாடு மிக அதிகமாக உள்ள நாடு தென் கொரியா. அது சுமார் 30 விழுக்காடு. நிறுவனத் தலைவியாக நாயகி வலம் வருவதை அங்குள்ள பெண்கள் ஆசையோடு பார்ப்பதற்கு அதுவும் காரணம்.

தேயிலை மலையில் இந்தக் கதை ஏன் ஒட்டுகிறது?

ஊதிய வேறுபாடு என்றதும் தோட்டத்துப் பாட்டிமார்களுக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. கேமரன் மலையில் ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தக் காலக்கட்டத்தில் மலாயாத் தோட்டங்களில் தென்னிந்தியத் தொழிலாளர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி, முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. காட்டை வெட்டிச் சரிவைத் திருத்தியது ஆண்களும் பெண்களும் சேர்ந்துதான். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளியதில் பெண்களின் கை அதிகம்.

அந்தப் பெண்களுக்கு வேலை இருந்தது, சம்பாத்தியம் இருந்தது, முடிவெடுக்கும் இடம் மட்டும் எப்போதும் இருந்ததில்லை. யாரைக் கட்டுவது என்பதைப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். லயத்து வாழ்க்கையில் ஒருவன் ஒருத்தியிடம் பேசினாலே அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். அரண்மனைப் பணிப்பெண்கள் கூட்டமாக ஓர் அறையில் தூங்கி, ஒருவர் ரகசியத்தை ஒருவர் காத்துக்கொள்ளும் காட்சிகள் பாட்டிக்குப் பிடித்துப்போவதில் வியப்பில்லை.

இன்று கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். ‘என் மகள் கூடை தூக்கக்கூடாது’ என்று ஒரு தலைமுறைத் தாய்மார் எடுத்த முடிவும் அதற்கு ஒரு காரணம்.

அதே முடிவைச் சொல்லும் கொரியக் கதை 2025 மார்ச்சில் வந்தது: ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’. இது அரண்மனைக் கதையும் அல்ல, அலுவலகக் கதையும் அல்ல. ஜேஜு தீவில் மூன்று தலைமுறைப் பெண்கள். பாட்டி கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் ஹேன்யோ. மகள் ஏ-சூன் கவிஞராக ஆசைப்பட்டு, வறுமையால் படிப்பை இழந்தவள். தன் பெண்ணையும் கடலில் இறக்கப் பார்க்கும் புகுந்த வீட்டாரை அவள் எதிர்த்து நிற்கிறாள். பின்னாளில் அந்தப் பெண்ணின் படிப்புக்காக வீட்டையே விற்கிறார்கள்.

அதில் ஒரு சாப்பாட்டுக் காட்சி. வீட்டில் ஆண்களுக்குத் தனி மேசை, பெண்களுக்குத் தனி மேசை. கணவன் குவான்-ஷிக் ஒன்றும் பேசவில்லை. ஆண்கள் மேசைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, மனைவி பக்கம் சாப்பிடுகிறான். ஆண்கள் முதலில், பெண்கள் கடைசியில் என்று பந்தி போட்ட வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

எதை வைத்து எடைபோடுவது?

கொரிய நாடகங்களைப் பார்க்கக்கூடாது என்று பிள்ளைகளைத் தடுப்பதால் பயனில்லை. சேர்ந்து பார்த்து மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

முதலாவது, இந்தக் காதலை எது தடுக்கிறது? சட்டமா, பணமா, குடும்பமா, அவளுடைய தயக்கமா? ஜோங்ஜோ அரசன் கேட்டும் தோக்-இம் தயங்கியதைக் ‘காதல் இல்லை’ என்று படிப்பது தவறு. ஜுன்-பியோ விடாமல் துரத்தியதை ‘எவ்வளவு ஆசை’ என்று படிப்பதும் தவறு.

இரண்டாவது, யார் எதை இழக்கிறார்கள்? ஜோங்-ஹோ பதவியை இழந்தான். குவான்-ஷிக் தன் வீட்டாரின் மதிப்பை இழக்கத் துணிந்தான். விலையுயர்ந்த கைப்பையும் காரும் வாங்கித் தரும் வாரிசு எதையும் இழப்பதில்லை.

மூன்றாவது, கதை முடியும்போது அவளுடைய வேலையும் படிப்பும் என்னவாயின? மற்ற இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான பதில் கிடைக்காதபோதும் இது பொய் சொல்லாது. உடை பட்டாக இருந்தாலும் ஜீன்ஸாக இருந்தாலும் அளவுகோல் இதுதான்.

சரித்திர நாடகத்தை வரலாற்றுப் பாடமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கொரியர்களே அதில் கறாரானவர்கள். 2021-இல் ‘ஜோசோன் எக்ஸார்சிஸ்ட்’ என்ற தொடர் வரலாற்றைத் திரித்ததாக எழுந்த எதிர்ப்பால் இரண்டே பகுதிகளோடு நிறுத்தப்பட்டது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி: பாட்டி இருக்கும் வீடாக இருந்தால் ‘தே ஜாங் கும்’. பதின்ம வயதுப் பெண் இருந்தால் ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ தொடரையும் ‘தி ரெட் ஸ்லீவ்’ தொடரையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். மூன்று தலைமுறையும் ஒரே வீட்டில் இருந்தால் ஜேஜு தீவுக் கதை. அதைப் பார்த்து முடித்த இரவில், பாட்டியிடம் அவருடைய கல்யாணம் எப்படி நடந்தது, அவர் என்னவாக ஆசைப்பட்டார் என்று பேத்தி ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். தோட்டத்து வீடுகள் பலவற்றில் அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.